‘ஒண்ணியும் இல்ல’ என்று சொல்லியே பழகிவிட்டேன், இப்போது வீட்டில் அதுதான் பிரச்சினை

அம்பத்தாறு_ஏபிஓ_பையன் | வெள்ளி, இரவு 11.48

இதை எந்தப் பகுதியில் போடுவது என்று தெரியாமல் ‘குடும்பம்’ என்பதில் போட்டிருக்கிறேன். மாற்ற வேண்டுமானால் மாடரேட்டர் மாற்றிக்கொள்ளட்டும்.

எனக்கு 38 வயது. கணியம்பாடி தாண்டி, கம்மவான்பேட்டைப் பக்கம். வீட்டுக்கு ஒருத்தராவது பட்டாளத்தில் இருக்கிற பகுதி என்று வேலூர்க்காரர்களுக்குத் தெரியும். எங்கள் நைனாவும் அப்படித்தான். வருஷத்தில் இரண்டு மாதம் ஊரில் இருப்பார், மிச்ச நாளெல்லாம் இன்லண்ட் லெட்டரின் மேலே எழுதுகிற ‘56 ஏபிஓ’ என்ற பட்டாளத்துத் தபால் முகவரிதான் எங்களுக்கு நைனா. 1999ல் கார்கில் சண்டை நடந்தபோது அவர் எந்த மலையில் இருந்தார் என்று அம்மாவுக்கே தெரியாது. எனக்கு அப்போது 11 வயது, மஞ்சக்காமாலை வந்து மூன்று வாரம் படுத்திருந்தேன், கீழாநெல்லி அரைத்துக் கொடுத்து உப்பில்லாத கஞ்சி ஊற்றினார்கள். அந்தப் படுக்கையில் இருந்தபடியே நைனாவுக்குக் கடிதம் எழுதச் சொன்னார் அம்மா. “நோவுன்னு எழுதாதடா, அவரு அங்க துப்பாக்கி புடிச்சுகினு நிக்கறாரு, இதைப் படிச்சா கை நடுங்கிடும்.” நான் நலம், தினமும் பள்ளிக்கூடம் போகிறேன் என்று எழுதினேன். அழகாகவும் எழுதினேன், கையெழுத்தில்கூடத் தெரியக் கூடாது என்று.

அது தப்பு என்று நான் சொல்லவில்லை. அன்றைக்கு அதுதான் சரி. ஆனால் அந்தப் பழக்கம் சண்டை முடிந்ததும் முடியவில்லை. யார் என்ன கேட்டாலும் “ஒண்ணியும் இல்ல”. வேலை போனபோதும் அதேதான், தாத்தா செத்தபோதும் அதேதான்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் எங்களுக்கு இரண்டாவது குழந்தை நான்காம் மாதத்தில் கலைந்துபோனது. ஆஸ்பத்திரியில் எல்லாம் சரியாகச் செய்தேன். பணம் கட்டினேன், மாத்திரை வாங்கினேன், இளநீர் வாங்கி வந்தேன், மாமியாருக்கு ஆட்டோ பிடித்தேன். என் மனைவி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள், தோள் குலுங்கியது. நான் பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு வராந்தாக் குழாயடிக்குப் போய்க் கழுவ ஆரம்பித்தேன். பிளாஸ்க் கழுவ எவ்வளவு நேரம் ஆகும்? நான் மூடியைக் கழற்றி, உள்மூடியைக் கழற்றி, அதில் இருக்கிற ரப்பர் வளையத்தைக் கழற்றி, கால் மணி நேரமோ அரை மணி நேரமோ கழுவிக்கொண்டே இருந்தேன். பின்னால் ஆட்கள் பாத்திரத்தோடு வரிசையில் நின்றார்கள்.

அவள் அதைப் பற்றிச் சண்டை போட்டதே இல்லை. போன மாதம்தான் வேறு ஏதோ பேச்சில், “உங்க கூட இருக்கறது பேங்க் கவுண்டர்ல நிக்கற மாதிரி கீது. எல்லா வேலையும் கரெக்டா நடக்குது, கண்ணாடிக்கு அந்தாண்ட நீங்க” என்றாள்.

அதைக்கூடத் தாங்கிவிட்டேன். முந்தாநாள் என் ஆறு வயசுப் பெண் சைக்கிளிலிருந்து விழுந்து முட்டியில் தோல் கிழிந்து, ரத்தம் வழிய உள்ளே வந்தாள். “இன்னா ஆச்சு” என்று கேட்டேன். உதட்டைக் கடித்துக்கொண்டு “ஒண்ணியும் இல்ல” என்றாள். என் குரல், என் முகம். அதற்குப் பிறகு தூக்கம் வரவில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இதிலிருந்து வெளியே வந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

சும்மா_வந்தவன் | சனி, காலை 6.20

தலைவா, தப்பா எடுத்துக்காதீங்க, இதெல்லாம் யூடியூப் பார்த்து வருகிற வியாதி. என் தாத்தா குடியாத்தத்தில் தறி ஓட்டினார், பாட்டியிடம் வாழ்நாளில் மொத்தமாக ஐம்பது வார்த்தை பேசியிருப்பார், பாட்டி செத்த பதினாறாம் நாள் அவரும் போய்விட்டார். பாசம் இல்லையா அது? பணம் கட்டினீங்க, இளநீர் வாங்கினீங்க, இன்னும் என்ன வேண்டும்? உட்கார்ந்து கூட அழுதால் பில் கட்டுவது யார்?

அப்புறம் இந்த இழை எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியும். வேலூர்க்காரன் எதைப் பேசினாலும் கடைசியில் கோட்டைக்கும் அகழிக்கும் வந்து நிற்பான். யார் முதலில் என்று பார்ப்போம் :)

நைட்_டூட்டி | சனி, காலை 8.05

இப்போதுதான் டூட்டி முடிந்து பஸ்ஸில் உட்கார்ந்து எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். 14 வருஷமாக நர்ஸ்.

சும்மா_வந்தவன் தம்பி, உங்கள் பாட்டியிடம் யாராவது கேட்டார்களா? ஐம்பது வார்த்தை போதுமாக இருந்ததா என்று? தாத்தா கதையை எப்போதும் பேரன்தான் சொல்கிறான்.

ஏபிஓ தம்பி, பிளாஸ்க் கழுவுகிறவர்களை நான் தினமும் பார்க்கிறேன். கேஸ் ஷீட்டை நாலு தடவை படிக்கிறவர்கள், மருந்துக் கடைக்குத் தேவையில்லாமல் இரண்டாம் முறை ஓடுகிறவர்கள், மொபைல் சார்ஜர் பாயிண்ட் தேடி மாடி மாடியாக அலைகிறவர்கள். பெரும்பாலும் ஆண்கள். கல் மனசு என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொள்வார்கள். கல் மனசுக்காரன் பெஞ்சில் நன்றாகத் தூங்குவான், இப்படி அலையமாட்டான்.

எனக்கும் இது உண்டு. வார்டில் ஒரு உயிர் போனால் அடுத்த கட்டிலுக்கு ஊசி போட முகத்தை மாற்றிக்கொண்டுதான் போக வேண்டும். அந்தப் பூட்டு இல்லாவிட்டால் இந்த வேலையில் ஒரு மாதம் தாங்கமாட்டேன். வீட்டுக்கு வந்தால் யூனிஃபார்மைக் கழற்றுகிறேன், பூட்டு அப்படியே கிடக்கிறது. என் பையன் பிளஸ் டூவில் ஒரு பாடத்தில் போய்விட்டது என்று வந்து நின்றபோது, “சரி, அடுத்தது என்ன பண்ணணும்” என்று கேட்டேன். அவன் நோயாளி மாதிரி என்னைப் பார்த்தான்.

இறங்க வேண்டிய ஸ்டாப்பிங் வந்துவிட்டது.

பாகாயம்_பஸ் | சனி, காலை 10.31

நான் எம்எஸ்டபிள்யூ (சமூகப் பணி மேற்படிப்பு) முடித்துவிட்டு இந்தத் துறையில்தான் இருக்கிறேன், டாக்டர் இல்லை. இரண்டு விஷயம் மட்டும்.

மனம் தன்னைக் காத்துக்கொள்ளச் செய்கிற இந்த ஏற்பாடுகளை 1936லேயே உளப்பகுப்பாய்வாளர் அன்னா ஃப்ராய்ட் வரிசைப்படுத்தி எழுதியிருக்கிறார், யூடியூபுக்குக் கொஞ்சம் முன்னால். அவை நோய் என்று அர்த்தம் இல்லை. எல்லா மனிதருக்கும் உண்டு.

இன்னொன்று உளவியலாளர் மேரி எய்ன்ஸ்வொர்த் செய்த சோதனை. சுமார் ஒரு வயசுக் குழந்தையை அறையில் விட்டு அம்மா சில நிமிஷம் வெளியே போய்த் திரும்பி வருவார். சில குழந்தைகள் ஓவென்று அழுது, அம்மா வந்ததும் ஒட்டிக்கொள்ளும். சில குழந்தைகள் அம்மா வந்தால்கூடத் திரும்பிப் பார்க்காது, பொம்மையை உருட்டிக்கொண்டிருக்கும். சமர்த்துக் குழந்தை என்று நாம் சொல்வோம். பிற்பாடு வந்த ஆய்வாளர்கள் இதயத் துடிப்பை அளந்து பார்த்தபோது அந்தச் சமர்த்துக் குழந்தைக்கும் துடிப்பு எகிறித்தான் இருந்தது. அழுதால் பலன் இல்லை, சில சமயம் அழுதால் அம்மா இன்னும் விலகிப் போவாள் என்று அந்த வயசிலேயே புரிந்துகொண்டு, பக்கத்திலேயே இருக்க அது கண்டுபிடித்த வழி அது. ஏபிஓ, உங்கள் பிளாஸ்க்தான் அந்தப் பொம்மை.

வேலூரில் எங்கள் பாகாயத்தில் 1950களிலிருந்தே மனநல மையம் இருக்கிறது. உள்ளே சேர்கிறவரோடு வீட்டுக்காரர் ஒருவரும் கூடவே தங்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். வீட்டுக்குள் உண்டான முடிச்சை வீட்டில் ஒருத்தரைக் கூட வைத்துக்கொண்டுதான் அவிழ்க்க முடியும் என்று நான் புரிந்துகொண்டது அதைப் பார்த்துத்தான்.

சும்மா_வந்தவன் | சனி, காலை 10.50

நர்ஸ் அக்கா கேட்டது நியாயம்தான். பாட்டியிடம் கேட்கவில்லை. ஆனால் ஒரு வயசுக் குழந்தைக்கு நடந்ததை வைத்து 38 வயசு ஆளுக்கு வைத்தியம் பார்ப்பது எனக்கு ஒட்டவில்லை.

ஆம்பூர்_தையல் | சனி, மதியம் 1.15

சாப்பாட்டு நேரத்தில் எழுதுகிறேன். ஷூ கம்பெனியில் அப்பர், அதாவது ஷூவின் மேல்பகுதி, தைக்கிற வேலை.

எல்லாரும் பூட்டைத் திற, பூட்டைத் திற என்கிறீர்கள். ‘ஒரு காலத்தில் தேவைப்பட்டது, இப்போது தேவையில்லை’ என்று யார் முடிவு செய்தது? என் வீட்டில் நான் மனசில் இருப்பதைச் சொன்னால் அது அடுத்த சண்டையில் எனக்கே ஆயுதமாகத் திரும்பி வரும். குடித்துவிட்டு வந்த ராத்திரியில், போன வருஷம் நான் அழுது சொன்ன ஒரு விஷயத்தை மாமியார் முன்னால் நடித்துக் காட்டிச் சிரித்தார். அன்றோடு வாயை மூடினேன். எனக்குச் சண்டை இன்னும் முடியவில்லை, கார்கில் மாதிரி ஜூலையில் முடிகிற சண்டை இல்லை இது.

ஏபிஓ அண்ணா, உங்கள் மனைவி கண்ணாடியைத் தட்டிக் கூப்பிடுகிறார். உங்களுக்கு அந்தப் பக்கம் நல்ல ஆள் நிற்கிறார். அது எல்லாருக்கும் வாய்ப்பதில்லை.

பாகாயம்_பஸ் | சனி, மதியம் 1.40

அக்கா, நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. நான் எழுதியதில் அதை விட்டுவிட்டேன், என் தப்பு. அடி விழுகிற இடத்தில் கவசத்தைக் கழற்றச் சொல்லக் கூடாது. உங்கள் வாய் மூடியிருப்பது உங்கள் புத்திசாலித்தனம். 181 என்று பெண்கள் உதவி எண் இருக்கிறது, எந்நேரமும் பேசலாம், வேண்டும் என்று தோன்றுகிற நாளில் மட்டும்.

கேட்கலாமா தெரியவில்லை, கம்பெனியில் பக்கத்து மிஷின்காரர் யாரிடமாவது பேசுவீர்களா?

ஆம்பூர்_தையல் | சனி, மதியம் 1.44

ஒருத்தி இருக்கிறாள். பஸ்ஸில் பக்கத்துச் சீட்டு. அவளிடம் எல்லாம் சொல்வேன். பெல் அடித்துவிட்டது.

உப்புத்தோல் | சனி, மாலை 4.22

நான் படித்தவன் இல்லை. ராணிப்பேட்டை, வாலாஜா, ஆம்பூர் என்று தோல் ஷாப்பிலேயே 31 வருஷம். தொழில் விஷயமாக ஒன்று சொல்கிறேன், பொருந்தினால் எடுத்துக்கொள்ளுங்கள்.

மாடோ ஆடோ உரித்த தோல் சில மணி நேரத்தில் அழுக ஆரம்பித்துவிடும், நம் ஊர் வெயிலுக்கு இன்னும் சீக்கிரம். அதனால் உரித்த இடத்திலேயே உப்பு போடுவார்கள். கொஞ்சநஞ்சம் இல்லை, 100 கிலோ தோலுக்கு 40 கிலோ வரை. உப்பு உள்ளே இருக்கிற தண்ணீரை இழுத்துவிடும், தோல் முறுக்கிக்கொண்டு விறைப்பாகிவிடும், ஆனால் கெடாது. அந்த உப்பு இல்லாவிட்டால் எங்களுக்குத் தோலே வந்து சேராது. உப்பைத் திட்டுகிற மேஸ்திரியை நான் பார்த்ததில்லை.

ஆனால் அந்த உப்பு உள்ளே இருக்கிற வரைக்கும் அதை ஒன்றும் செய்ய முடியாது. சுண்ணாம்பு ஏறாது, பதம் ஏறாது. முதல் வேலை உதறுவது. அப்புறம் ஊறல். ஒரு தண்ணீரில் போட்டு, அதைக் கொட்டி, இரண்டாம் தண்ணீர், மூன்றாம் தண்ணீர். உரித்த அன்றைக்கு எப்படி இருந்ததோ அந்த மெதுமைக்குத் திரும்ப வர வேண்டும். புதுப் பையன்கள் இங்கேதான் தப்பு செய்வார்கள். அவசரத்தில், விறைத்த தோலை எடுத்தவுடனே டிரம்மில் போட்டு வேகமாகச் சுற்றிவிடுவார்கள். மேல்பக்கம் வெடித்துவிடும். வெடித்தது வெடித்ததுதான், எந்த பாலிஷும் மறைக்காது.

ஏபிஓ தம்பி, உங்கள் அம்மா போட்ட உப்பு அது. நல்ல கைதான் போட்டிருக்கிறது. இன்றைக்கே எல்லாவற்றையும் கொட்டிவிடுகிறேன் என்று டிரம்மில் ஏறாதீர்கள்.

நைட்_டூட்டி | சனி, மாலை 5.10

அண்ணா, இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஆனால் ஒன்று கேட்க வேண்டும், நீங்கள்தான் பதில் சொல்ல முடியும். கழுவின உப்புத் தண்ணீர் எங்கே போகும்?

உப்புத்தோல் | சனி, மாலை 5.38

சரியான இடத்தில் கை வைத்தீர்கள் அம்மா. வேறு எங்கே, பாலாற்றுக்குத்தான் போனது, எத்தனையோ வருஷம். கரையோரக் கிணறெல்லாம் உப்புக் கரித்தது, தென்னை காய்ந்தது. உச்ச நீதிமன்றம் வரை கேஸ் போய் 1996ல் தீர்ப்பு வந்தது, கெடுத்தவன்தான் சரிசெய்யச் செலவு செய்ய வேண்டும் என்று. அதற்குப் பிறகுதான் சுத்திகரிப்பு என்று கெடுபிடி வந்தது. ஆனால் மற்றதெல்லாம் ஓரளவு பிரிக்கலாம், உப்பைப் பிரிப்பதுதான் பெரிய பாடு. எங்கள் வீட்டுக் கிணற்றில் நான் சின்ன வயசில் குடித்திருக்கிறேன். இப்போது கேன் தண்ணீர்தான்.

நைட்_டூட்டி | சனி, மாலை 5.55

அதைத்தான் சொல்ல வந்தேன். முப்பது வருஷம் ஊமையாக இருந்த ஆண்கள் ஒரு நாள் திடீரென்று திறந்து, எல்லாவற்றையும் பெண்டாட்டி தலையில் கொட்டுவதையும் பார்த்திருக்கிறேன். அப்புறம் அவள்தான் பாலாறு. ஏபிஓ தம்பியின் மனைவிக்கும் ஒரு குழந்தை போயிருக்கிறது. அவர் கதையைக் கேட்க உட்காருவதற்கு முன்னால் அவள் கதையை இவர் கேட்டிருக்க வேண்டும், மூன்று வருஷம் பாக்கி.

பழைய_சுபேதார் | சனி, இரவு 9.30

அம்பத்தாறு ஏபிஓ என்று பெயரைப் பார்த்ததும் உள்ளே வந்தேன். நான் உங்கள் தகப்பனார் வரிசை ஆள். வயது 68. அந்தப் பக்கத்துக் கதையையும் ஒருவர் சொல்ல வேண்டும் அல்லவா.

கடிதத்தில் எல்லாரும் நலம் என்று வரும். நாங்கள் முட்டாள்கள் இல்லை தம்பி. நலம் என்பது மூன்று தடவை எழுதியிருந்தால் வீட்டில் ஏதோ நடந்திருக்கிறது என்று எங்களுக்குத் தெரியும். தெரிந்தும் நாங்கள் பதிலுக்கு நலம் என்றுதான் எழுதுவோம். இரண்டு பக்கமும் பொய், இரண்டு பக்கமும் அது பொய் என்று தெரியும், தபால்காரர் மட்டும் ஒழுங்காக வந்து போவார்.

வருஷத்துக்கு 60 நாள் லீவு. முதல் பத்து நாள் என் மகன் கதவுக்குப் பின்னால் நின்று பார்ப்பான். மெதுவாக மடியில் ஏறுவான். நன்றாக ஒட்டிக்கொள்கிற நேரத்தில் டிரங்குப் பெட்டி கட்ட வேண்டும். நான் என்ன செய்வேன் தெரியுமா? கடைசி வாரம் காரணமே இல்லாமல் கத்துவேன். சோறு குழைந்துவிட்டது, பையன் கணக்கு தப்பு, ஏதாவது ஒன்று. சண்டை போட்டுவிட்டுக் கிளம்பினால் காட்பாடி ஸ்டேஷனில் ரயில் ஏறுவது சுலபமாக இருக்கும். அவர்களுக்கும் ‘போனால் போகட்டும்’ என்று இருக்கும் என்று நினைத்தேன். 24 வருஷம் அப்படி. இது எனக்கே ரிட்டயர் ஆன பிறகுதான் புரிந்தது, ஏனென்றால் கிளம்ப வேண்டிய ஊர் இல்லாமல் போன பிறகும் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை கத்திக்கொண்டே இருந்தேன்.

கோட்டையைப் பற்றி யாரும் இன்னும் பேசவில்லை, எனவே நானே பேசிவிடுகிறேன். கோட்டைக்குள் இருக்கிற ஜலகண்டேஸ்வரர் கோயிலில் மூலவர் இல்லாமல் எத்தனை தலைமுறை இருந்தது. பத்திரமாக இருக்கட்டும் என்று வெளியே எடுத்துப் போய், சத்துவாச்சாரியில் வைத்திருந்தார்கள். திரும்ப உள்ளே வந்தது 1981ல். அந்த வருஷம் லீவில் வந்தபோது என் தாயார் கையைப் பிடித்து அழைத்துப் போனார். எனக்கு ஒரே கேள்வி, படையெடுப்பு, பீரங்கி எல்லாம் முடிந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டதே, இத்தனை நாள் ஏன் தாமதம் என்று. அம்மா சொன்னார், “கொண்டு போறதுக்கு ஒரு ராத்திரி போதும்டா. கொண்டு வர்றதுக்குத்தான் ஆள் சேரணும்.”

உங்கள் நைனா இருக்கிறாரா?

சும்மா_வந்தவன் | சனி, இரவு 9.41

கோட்டை வந்துவிட்டது! நான் சொன்னேனா இல்லையா.

(ஐயா, கடைசி வாரக் கதை என் அப்பாவும்தான். அவர் துபாய்.)

அம்பத்தாறு_ஏபிஓ_பையன் | ஞாயிறு, இரவு 10.15

எல்லாருக்கும் சேர்த்துப் பதில் எழுதுகிறேன். நைனா இருக்கிறார் ஐயா, ஊரில்தான். தினமும் போன் பேசுவோம், 40 விநாடி. சாப்பிட்டியா, சாப்பிட்டேன், மழை உண்டா, இல்லை, வை.

நேற்று ராத்திரி பவர்கட். பாப்பா தூங்கிவிட்டாள், நாங்கள் மாடியில் பாய் போட்டு உட்கார்ந்திருந்தோம். நர்ஸ் அக்கா சொன்னது மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது, அதனால் என்னைப் பற்றி எதுவும் தொடங்கவில்லை. “அன்னிக்கு ஆஸ்பத்திரில நான் வெளியே போயிட்டேன்ல, அப்ப நீ என்ன நெனச்சுகினு இருந்த” என்று மட்டும் கேட்டேன். இதைக் கேட்க எனக்கு முக்கால் மணி நேரம் ஆனது. நடுவில் இரண்டு தடவை கீழே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

அவள் உடனே எதுவும் சொல்லவில்லை. அப்புறம், “அந்தப் பிளாஸ்க்கோட ரப்பர் வளையத்தைத் தொலைச்சுட்டு வந்தீங்க, தெரியுமா” என்றாள். எனக்குத் தெரியாது. மூன்று வருஷமாக அந்தப் பிளாஸ்க் ஒழுகிக்கொண்டிருக்கிறது, அவள் அடியில் துணி சுற்றி வைத்துப் பயன்படுத்தியிருக்கிறாள், நான் கவனித்ததே இல்லை. குழாய்ச் சத்தம் அவள் கட்டில் வரை கேட்டதாம். “தண்ணி நிக்கற வரைக்கும் நீங்க அங்கதான் கீறீங்கன்னு படுத்துகினு இருந்தேன்” என்றாள்.

அதற்குப் பிறகு அவள் பேசினாள், நான் கேட்டேன். அதை இங்கே எழுதவில்லை, அது அவளுடையது. நான் அழவில்லை, அழ வரவில்லை. கரண்ட் வந்த பிறகும் கீழே இறங்கவில்லை, அவ்வளவுதான் நடந்தது.

பாப்பாவிடம் காலையில் முட்டிக்குப் பிளாஸ்திரி மாற்றும்போது வலிக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றாள். எனக்குச் சின்ன வயசில் மஞ்சக்காமாலை வந்தது, ரொம்ப வலித்தது, பொய் சொல்லிவிட்டேன் என்றேன். “எதுக்குப் பொய் சொன்ன?” என்று கேட்டாள். அதற்குத்தான் இன்னும் நல்ல பதில் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

உப்புத்தோல் | திங்கள், காலை 7.02

முதல் தண்ணீர்.

ரப்பர் வளையம் லாங் பஜாரில் கிடைக்கும், பாத்திரக் கடையில் கேளுங்கள், பத்து ரூபாய்தான். அளவுக்குப் பிளாஸ்க் மூடியைக் கையோடு எடுத்துப் போங்கள்.

பழைய_சுபேதார் | திங்கள், இரவு 8.47

இன்று சாப்பாட்டுக்குப் பிறகு இந்த இழை முழுவதையும் எங்கள் வீட்டு அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு கேட்டார். முடிந்ததும், “இதுல நீங்க யாரு?” என்று கேட்டார்.

ஒருத்தரும் இல்லை, சும்மா படித்தேன் என்று சொல்லிவிட்டேன்.